ஸெய்னுதீன் இருக்குமிடம்

ஸெய்னுதீனின் மகள் அசனா பிறந்தபோது, அவன் சீனன்குடாக் கரையில் மூன்றாம் யார்டின் வேலிக்குள் அகப்பட்டு மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலம் முழுவதும் ஒரு நாள்கூட அவன் வெளியே வரவில்லை. அவனுடைய மனைவி ரபீக்கா உள்ளே போகவுமில்லை. பிள்ளை அவனுடையதுதான். நெற்றியும் மூக்கும் அப்படியே அவனைக் கொண்டிருந்தன. அந்த வருடம் கிண்ணியாப் பக்கம் பெரும்போகம் நன்றாக விளைந்து நெல் மலிவாகப் போனது.

மூன்றாம் யார்ட் வெள்ளைக்காரக் கடற்படை கட்டியது. கப்பல்களுக்கு வேண்டிய நங்கூரச் சங்கிலிகளும் மிதவைகளும் கம்பி வடங்களும் அங்கே மலைமலையாகக் கிடந்தன. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்போது கதிரை மேசைகளைக்கூடக் கப்பலேற்றினார்கள். மறுமொழி மெசினை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அது ஒரு பெரிய அலுமாரியின் அளவு இருந்தது. முன்பக்கத்தில் தட்டெழுத்துப் பொத்தான்கள், அதற்கு மேலே காகித நாடா வெளிவரும் வாய். சின்னக் கட்டளை ஒன்றைத் தட்டி, அதற்குப் பின்னால் ஓர் ஆளின் நம்பரைத் தட்டினால், உள்ளே சக்கரங்கள் கொஞ்சநேரம் முனகிவிட்டு அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்று ஆங்கிலத்தில் அச்சடித்துத் தள்ளும். வாசலில் இருந்த இரும்புச் சுழல்கதவுக்கும் மெசினுக்கும் நிலத்துக்கு அடியால் வயர் ஓடியது. யார்டுக்குள் நிற்கிறான் என்று மெசின் சொல்லும் ஆளுக்குத்தான் கதவு வெளிப்பக்கமாகச் சுழலும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இல்லாதவன் வெளியே போவது எப்படி? எல்லாம் நீல மட்டை போட்ட கைநூல் ஒன்றில் படத்தோடு விளக்கப்பட்டிருந்தது, இரண்டு வருடம் மெசினும் கைநூல் சொன்னபடியே நடந்தது.

பிறகு அது மாறிப் பேசத் தொடங்கியது. முதலில் அகப்பட்டவர் ஸ்டோர் பார்த்த தம்பு. அவர் சல்லிக் கடற்கரை ஆள், வள்ளம் விற்றுவிட்டு யார்டில் சேர்ந்தவர். அவர் மெசினுக்கு முன்னாலேயே நின்று தன் நம்பரைத் தட்ட, அது 'சல்லி, அம்மன் கோயிலடி' என்று அடித்துக் கொடுத்தது. அன்று பின்னேரம் கதவு அவரை வெளியே விடவில்லை. பசியிலும் கோபத்திலும் கதவோடு சண்டை பிடித்துக் களைத்து, நாளைக்கு எண்ணி வைக்க வேண்டிய சங்கிலிகள் ஞாபகம் வந்து, அட அதையும் முடிக்கவில்லையே என்று அவர் தலையில் கைவைத்த நேரம் கதவு தானாகச் சுழன்றது. அன்றிலிருந்து யார்டில் வேலை செய்த எல்லோரும் வீட்டுக்குப் போகும் நேரம் வாசலில் நின்று கண்ணை மூடிச் சங்கிலியை நினைக்கப் பழகிக்கொண்டார்கள். சிலருக்கு உடனே வாய்த்தது, சிலருக்குப் பொழுதுபட்டது.

யார்டுக்குப் பொறுப்பான குணரத்தினம் ஐயா இதை விட்டுவிடவில்லை. அவர் ஒழுங்கான மனிதர். கைநூல் ஒன்று சொல்ல மெசின் வேறொன்று சொல்வது அவருக்கு நித்திரையைக் கெடுத்தது. 'இயந்திரம் கைநூலுக்கு முரணாக நடக்கிறது, திருத்துவதற்கு ஆள் வேண்டும்' என்று கொழும்புக்கு எழுதினார். கடற்படைப் பட்டறையில் வேலை பழகிய ஸெய்னுதீனை அனுப்பினார்கள். குறிஞ்சாக்கேணியில் அவனுக்குக் கலியாணமாகி மூன்று மாதம்தான். ரபீக்காவுக்கு அவளுடைய வீட்டார் கட்டிக் கொடுத்த புது வீட்டில் குசினிக்கு இன்னும் கதவு போடவில்லை. ஒரு வாரத்து வேலை என்று சொல்லி, மாற்றுச் சாரம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, தோணியில் துறையைக் கடந்து பஸ் ஏறி வந்தான். வாசலில் நம்பர் கொடுத்தார்கள். உள்ளே வரும்போது கதவு வழுக்கிக்கொண்டு சுழன்றது.

பின்னேரம் தன் நம்பரைத் தட்டிப் பார்த்தான். 'குறிஞ்சாக்கேணி, குசினி' என்று வந்தது. தம்பு பக்கத்தில் நின்று சிரித்தார்.

"சங்கிலியை நினையும் தம்பி. உம்மட மனம் நிக்கிற இடத்தைத்தான் இது சொல்லுது. சங்கிலி, துரு, கிரீஸ், இதை நினைச்சீரெண்டால் கதவு விடும்."

ஸெய்னுதீன் சங்கிலியை நினைத்தான். ஒவ்வொரு வளையமாக நினைத்தான். மூன்றாவது வளையத்தில் அது ரபீக்காவின் கைவளையாக மாறிற்று. துருவை நினைத்தான், அவள் கைமருதோன்றி வந்தது. கிரீஸை நினைத்தான், குசினிக் கதவுக்குப் பிணைச்சல் வாங்க வேண்டுமே என்று வந்தது. யார்ட் வெறுமையான பிறகும் அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

குணரத்தினம் இரக்கமில்லாதவர் அல்ல. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவையே கழற்றிவிடச் சொன்னார். திறந்து கிடந்த வாசலால் ஸெய்னுதீன் வெளியே காலை வைத்தான். வைத்த கால் உள்ளேதான் பட்டது. கிழக்குப் பக்கத்தில் வேலியை வெட்டி நுழையவிட்டார்கள். மேற்குப் பக்க வேலியால் உள்ளே வந்தான். ஐயா கதவைத் திரும்பப் பூட்டுவித்தார். "மெசினைத் திருத்தினால்தான் உமக்கு வழி," என்றார். அதுவரை மெசின் அறைக்குப் பக்கத்தில் வடம் சுற்றி வைத்திருந்த கொட்டிலை ஒதுக்கி, கட்டிலும் ஒரு லாந்தரும் கொடுத்தார்.

அவன் திருத்தத் தொடங்கினான். கைநூலை விரித்து வைத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். கைநூலில் இருந்த சில உறுப்புகள் மெசினில் இல்லை; மெசினில் இருந்த சில உறுப்புகளைக் கைநூல் கண்டதேயில்லை. மாதங்கள் போய் வருடமானது. மெசின் ஒவ்வொரு நாளும் அவன் குறிஞ்சாக்கேணியில் இருப்பதாகவே அடித்தது; காலையில் கிணற்றடி, மத்தியானம் குசினி, இரவில் அறை. ஊர்ப்பெயரை மட்டும் ஒருநாள் எழுதியதுபோல் மறுநாள் எழுதாது. ஆங்கில எழுத்துகளோடு அது படும் பாடு பார்க்கப் பரிதாபமாயிருக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் உறவுக்காரர் வேலிக்கு வெளியே வந்து நிற்கலாம். ரபீக்கா வருவாள். புளியமரத்தடியில் கறுத்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைக் காணும்போதாவது அவன் மனம் யார்டுக்கு வரும், கதவு திறக்கும் என்று தம்பு ஓடிப்போய் நம்பரைத் தட்டினார். 'வேலிக்கு வெளியே, புளியமரத்தடி' என்று வந்தது. ஒரு சாண் கம்பிதான் இடையில். ஆனாலும் அவன் அந்தப் பக்கம். அந்த நாடாத் துண்டை அவனுக்குக் காட்டத் தம்புவுக்கு மனம் வரவில்லை, அவன்தான் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

இரண்டாம் வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரபீக்கா கம்பிக்குக் கிட்ட வந்து, கதையோடு கதையாக ஒன்று சொன்னாள்.

"நேத்து ராவைக்கு மீனாணம் ரெண்டு தரம் போட்டுத் திண்டீங்க."

"ஆரு திண்ட?"

"நீங்கதான். வேற ஆரு? கோப்பைய வழிச்சி வெச்சிருந்தீங்க."

"எனக்குத் தெரியாது ரபீக்கா. நான் இஞ்ச பாணைத் திண்டுபோட்டுப் படுத்தனான்."

"அப்ப ருசியும் தெரியல்லையா?"

"இல்ல."

அவள் குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். "உப்புக் கூடிப்போச்சி. தெரியாததும் நல்லதுதான்," என்றாள்.

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றாள். விடியற்காலை கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்கும். கட்டிலின் ஒரு பக்கம் ஆள் படுத்ததுபோல் தாழும். ஆளைக் காண ஏலாது, தொட்டால் இருக்கிறார். குசினிக்குக் கதவும் போட்டாயிற்று. ஒரு காலை எழும்பிப் பார்த்தபோது பிணைச்சலோடு நின்றது. ஸெய்னுதீன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவை மெசின் எண்ணெயில் கறுத்திருந்தன, வேறு ஒன்றையும் சொல்லவில்லை. அவனுக்கு முதலில் சந்தோஷமும் பிறகு பொறாமையும் வந்தன. அந்த வீட்டுக்கு அவன் இருந்தான். அவனுக்குத்தான் வீடு இல்லை. அன்று இரவு தூங்காமல் கிடந்து, கட்டிலில் அவள் பக்கம் எப்படித் தாழும் என்று நினைத்துப் பார்த்தான். கொட்டிலின் கட்டில் தாழவில்லை.

அதற்குப் பிறகு ரபீக்காவின் வருகை குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றேபோனது. ஏன் என்று சொல்லியனுப்ப ஆளில்லை. அவன் வெள்ளிக்கிழமைகளில் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வந்து பலமடங்கு மூர்க்கத்தோடு மெசினைக் கழற்றினான். அப்படித்தான் அந்தப் பித்தளை நாக்கைக் கண்டுபிடித்தான். எல்லாவற்றுக்கும் பின்னால், பெரிய சக்கரத்தின் நிழலில் ஒரு சின்ன நாக்கு. அது வாசலிலிருந்து வரும் வயரைத் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டியது. தொடாமல், ஒரு நூல் இடைவெளியில், காற்றில் தனியே நின்றது. அத்தனை காலமும் மெசின் யாரிடமும் கேட்காமல், காற்றைக் கேட்டு மறுமொழி சொல்லியிருக்கிறது. ஸெய்னுதீன் விரலால் நாக்கை மெல்ல அழுத்தி வயரில் படவைத்தான். பிறகு தன் நம்பரைத் தட்டினான்.

'மூன்றாம் யார்ட், மெசின் அறை.'

வாசலில் சுழல்கதவு கிளுக் என்று விடுபட்ட சத்தம் அறைவரைக்கும் கேட்டது. அதே நேரம் குறிஞ்சாக்கேணியில், மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த ரபீக்காவுக்கு முன்னால் பாயில் இருந்த பள்ளம் மெல்ல நிமிர்ந்து சமமானது. எதிரே இருந்த கோப்பையில் சோறு பாதியில் நின்றது. அவள் கையை நீட்டித் துழாவினாள். வெறும் பாய்தான்.

ஸெய்னுதீன் பையில் சாரத்தை மடித்து வைத்துக்கொண்டு ஐயாவிடம் ஓடினான். கைநூலும் நாடாத்துண்டும் ஒத்துப்போனதைப் பார்த்து ஐயாவும் மகிழ்ந்தார். போகுமுன் அறிக்கை ஒன்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்: மெசின் பழுதாக இருந்தது, இந்தக் காலத்தில் அது சொன்னவை எல்லாம் தவறு, இப்போது திருத்தப்பட்டது. ஸெய்னுதீன் பேனையைத் தொட்டு முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தபோது, குறிஞ்சாக்கேணியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நிற்பதாகக் காவலாளி வந்து சொன்னான்.

ஒருவர் பள்ளிவாசல் மரைக்கார் அபூதாஹிர். மற்றவர் ரபீக்காவின் காக்கா முத்தலிப். இருவரும் வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். கொடுத்த கதிரையில் மரைக்கார் இருந்தார், முத்தலிப் இருக்கவில்லை.

"தம்பி," என்றார் மரைக்கார், "நான் சுத்தி வளைச்சிக் கதைக்க வரல்ல. ரபீக்கா புள்ளத்தாச்சியா இரிக்கா. ஊரெல்லாம் கதை. அவட்டக் கேட்டா, என்ட மாப்பிள வீட்டிலதான் இரிக்காரு எண்டு சொல்றா. நீ இஞ்ச இரிக்காய். ஒரு கேள்விதான் எனக்கு. நீ வீட்டுக்குப் போனியா, இல்லையா?"

முத்தலிப் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்ட தங்கச்சி பொய் சொல்றவ இல்ல மச்சான். ஆனா ஊருக்கு நான் என்னத்தக் காட்டுற? வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு ஊர விட்டு விலக்கிப் போடுவாங்க. அவக்கும் போக்கிடம் இல்ல, புள்ளைக்கும் பேரில்ல."

குணரத்தினம் நடுவில் புகுந்து, மெசின் இத்தனை வருடமும் இவர் வீட்டில் இருப்பதாகத்தான் சொன்னது, ஆனால் மெசின் பழுது, இன்றுதான் திருத்தினோம் என்று உள்ளதை உள்ளபடி விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. பேச்சை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஸெய்னுதீன், யோசிச்சு எழுதும். ரெண்டும் சரியாய் இருக்க ஏலாது. மெசின் பழுதெண்டால் அது சொன்னதெல்லாம் பொய். மெசின் சரியெண்டால் கைநூல் பிழை. கொழும்புக்கு ஒண்டைத்தான் நான் எழுதலாம்."

ஸெய்னுதீன் மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். யன்னலால் பார்க்கச் சுழல்கதவு தெரிந்தது, அதற்கு அப்பால் பஸ் வரும் தார்ரோட்டும் தெரிந்தது. மரைக்கார் கேட்ட கேள்வியை அவன் தன்னையே கேட்டுப் பார்த்தான். யார்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் அந்த வீட்டைக் காணவில்லை, அவளைத் தொட்டதாக அவன் கைக்கு ஞாபகமில்லை. கிணற்று வாளியையும் கட்டிலையும் பற்றி அவன் அறிந்ததெல்லாம் அவள் சொல்லக் கேட்டதுதான். அந்தக் கேள்வியின் அடியில், வந்து போனது வேறு ஆளோ என்ற ஒரு கறுப்பு நினைப்பு வாலை அசைத்ததையும் அவன் கண்டான். தம்பு வாசற்படியில் வந்து நின்று பழைய நாடாச் சுருளை எடுத்து வரட்டா என்று சாடையாகக் கேட்டார். வேண்டாம் என்று ஸெய்னுதீன் தலையசைத்தான்.

"ஓம் மரைக்கார்," என்றான். "நான் வீட்டிலதான் இருந்தனான். அது என்ட புள்ள."

எழும்பி மெசின் அறைக்குள் போனான். பெரிய சக்கரத்துக்குப் பின்னால் கையைவிட்டு, நாக்கின் அடியில் நகத்தைக் கொடுத்து நிமிர்த்தினான். பித்தளை லேசானது, உடனே வளைந்தது. வாசலில் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவன் நம்பரைத் தட்டிக் கிழித்துக் கொண்டுவந்த துண்டை மரைக்கார் வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முத்தலிப் 'குறிஞ்சாக்கேணி, குசினி' என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். வாசித்துவிட்டுத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்றே ஸெய்னுதீன் கைநூலில் அந்தப் பக்கத்தின்மேல் ஒரு கடதாசியை ஒட்டித் திருத்தம் எழுதினான்: 'இந்தக் கட்டளை ஆளின் உடல் நிற்கும் இடத்தைச் சொல்லாது. ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும்.' குணரத்தினம் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தன் கையொப்பமிட்டார். இனி ஒருவரும் திறக்காதபடி மெசினின் மூடிக்கு ஈயமுத்திரை வைத்தார். முத்திரை ஆறிக்கொண்டிருக்கும்போது, "இனி நீர் வெளியில போக ஏலாது, தெரியும்தானே?" என்று கேட்டார்.

"நான்தான் வீட்டில இருக்கிறனே ஐயா," என்றான் ஸெய்னுதீன். சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்ப் பையிலிருந்த சாரத்தை எடுத்துக் கொடியில் போட்டான். அன்றிரவு அவன் அழுததைத் தம்பு கேட்டார். வழமைபோல் சங்கிலியை நினைத்து வெளியே போக முயன்றார், நினைப்பு குறிஞ்சாக்கேணிக்கே போக, அவருக்கும் அன்று நெடுநேரம் கதவு விடவில்லை.

கொழும்பு திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஊரும் ஏற்றுக்கொண்டது. ஜும்ஆவுக்குப் பிறகு மரைக்கார் எழும்பி, ஸெய்னுதீன் வீட்டில் இருப்பது அரசாங்கத்துக்கும் தெரிந்த விஷயம் என்று சொல்லி இருந்துவிட்டார். அசனா பிறந்தாள். அவளுக்கு ஏழாம் நாள் பேர் வைத்தபோது பாங்கு சொன்னது யார் என்று அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் குறிஞ்சாக்கேணியில் கிடுகுக் கூரைகள் எல்லாம் பறந்தன. ரபீக்காவின் வீட்டு முகட்டில் கட்டிய கயிற்றை விடியும்வரை யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கூரை நின்றது. விடிந்தபோது யார்டில் ஸெய்னுதீனின் உள்ளங்கைகள் இரண்டும் உரிந்து இரத்தமாக இருந்தன. கயிறு அவனுக்குத் தெரியவில்லை. காயம் மட்டும் தெரிந்தது. தம்பு எண்ணெய் பூசிக் கட்டிவிட்டார்.

அப்படியே வருடங்கள் போயின. குணரத்தினம் ஓய்வு பெற்றுப் போனார், பிறகு வந்தவர்கள் கைநூலைப் படித்துவிட்டு, அதில் எழுதியபடிதானே நடக்கிறது என்று இருந்துவிட்டார்கள். ரபீக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் வந்தாள். அசனாவுக்கு வீட்டில் இருக்கும் வாப்பாதான் வாப்பா. வேலிக்குப் பின்னால் நிற்கும் நரைத்த மனிதரை அவள் மரியாதையாகப் பார்த்தாள், தூரத்து உறவுக்காரரைப் பார்ப்பதுபோல். அது ஸெய்னுதீனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் பெயரில் ஒருவன் அந்த வீட்டில் சோறு தின்கிறான், பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறான், அவள் கதை கேட்டு நித்திரையாகிறாள். தானோ துருப்பிடித்த சங்கிலிக்கு நடுவில் நிற்கிறான். எழுபத்தோராம் ஆண்டு, ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த காலத்தில், யாரும் வேலிக்கு வராத வாரங்களில், அந்த முள் பழுத்தது. அந்த வீட்டை நினைப்பதில்லை என்று முடிவெடுத்தான். உண்மையாகவே வெறுத்தான். வெறுத்து, முதன்முதலாகச் சங்கிலிகளை எண்ணத் தொடங்கினான். எண்ணுவது சுகமாக இருந்தது.

ஒரு காலை கதவு அவனுக்குச் சுழன்றது. அவன் வெளியே வந்தான். தார்ரோட்டில் நடந்தான். பஸ் இல்லாததால் வெள்ளைமணல்வரை நடந்தே போனான். சங்கிலியை நினைத்துக்கொண்டே நடந்தான். துறையில் தோணிக்காரன் கூலி கேட்டான், கொடுத்தான். தோணி நடுத்தண்ணீருக்கு வந்தபோது அக்கரையில் கிண்ணியாவின் தென்னைகள் தெரிந்தன, அவற்றுக்கு அந்தப்பக்கம் குறிஞ்சாக்கேணி. அசனா இப்போது எழும்பியிருப்பாள் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கொட்டிலின் கட்டிலில் இருந்தான். சாரத்தின் கரை நனைந்திருந்தது. அந்த வீட்டை விரும்பாதபோது மட்டும்தான் அவன் அதற்குப் போக வழி இருந்தது. போய்ச் சேருமுன் விரும்பிவிடுவான். இது அவனுக்கு அன்று முழுதாக விளங்கியது. பிறகு கதவடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டான், சங்கிலி எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஊரடங்கு எடுத்ததும் முதல் வெள்ளிக்கிழமை ரபீக்கா தனியே வந்தாள். குடையை விரிக்கக்கூட இல்லை.

"ஒரு மாசமா வீட்டுப் பக்கம் வரல்ல. எங்க போனீங்க?"

அவன் கம்பியில் இருந்த துருவைச் சுரண்டினான்.

"புள்ளைக்குக் காய்ச்சல். வாப்பா எங்க, வாப்பா எங்க எண்டு கட்டிலத் துழாவிக்கிட்டுக் கிடக்குது. கோபமெண்டா எனக்கிட்டச் சொல்லுங்க. அதுக்காக வராம இரிக்கிறதா?"

"ரபீக்கா, நான் அங்க வந்தா எனக்கு ஒண்டும் தெரியுதில்ல. உங்களக் காணல்ல, புள்ளயக் காணல்ல. அங்க இருக்கிறவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் ரபீக்கா. கம்பிக்கூடாக விரல்களை விட்டு அவன் சட்டையின் பொத்தானைப் பிடித்தாள். "நீங்கதான். நித்திரையில பல்லக் கடிக்கிறதும் நீங்கதான். கூரை பறக்கக்குள்ள பிடிச்சதும் நீங்கதான். உங்களுக்குத் தெரியாட்டி என்ன, நான் சொல்றன், கேட்டுக்கோங்க."

அன்றிலிருந்து அவள் வந்தால் முதலில் வீட்டு விசேஷம் சொல்ல மாட்டாள். அவன் அந்த வாரம் என்ன செய்தான் என்று அவனுக்குச் சொல்வாள். பப்பாசி நட்டது, அசனாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, முத்தலிப்போடு காணி எல்லைக்குச் சண்டை பிடித்தது, பிறகு சமாதானமானது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டு நிற்பான். சில இடங்களில் சிரிப்பான். சண்டை பிடித்ததைக் கேட்டபோது, நான் சொன்னதில் பிழையில்லையே என்றான். பாண் வரிசையும் கூப்பன் அரிசியுமாக ஊர் அல்லாடிய வருடங்களை அவன் அப்படித்தான் கடந்தான். தம்பு வயதாகி வேலையை விட்டார். கடைசி நாள் அவர் ஒன்றும் நினைக்காமலே கதவு சுழன்றது; அவர் மனம் யார்டிலேயே தங்கிவிட்டதாம். சல்லியில் அவருடைய வீட்டுக்காரர் அதைக் குறையாகச் சொன்னார்கள்.

எண்பத்தோராம் ஆண்டு அசனாவுக்குக் கிண்ணியாவில் மாப்பிள்ளை பேசினார்கள். பெயர் அன்ஸார், நல்ல பிள்ளை, நெல் குத்தும் மெசின் வைத்திருந்த குடும்பம். நிக்காஹ் என்றால் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக் கொடுக்க வேண்டும். முத்தலிப் தான் பொறுப்பாக நிற்கட்டா என்று கேட்டான். வாப்பா உயிரோடு வீட்டில் இருக்கும்போது மாமா நிற்பதற்குச் சட்டமில்லை என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிவிட்டார். ரபீக்கா வெள்ளிக்கிழமை வந்து நாளையும் நேரத்தையும் சொன்னாள்: வரும் ஞாயிறு, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு. சொல்லவேண்டிய சொற்களை அவன் கேட்க இரண்டுதரம் சொன்னாள். வெள்ளைச் சாரமும் தொப்பியும் கம்பிக்கு மேலால் எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லுஹரைத் தொழுதுவிட்டு ஸெய்னுதீன் வெள்ளைச் சாரம் உடுத்து மெசின் அறையில் பாயை விரித்து இருந்தான். குறிஞ்சாக்கேணியில் பந்தலுக்குள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். லெப்பை குத்பா ஓதினார். மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்த பாயில் ஒருவரும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த பதிவுகாரர், வாப்பா எங்கே என்று கேட்டார். கண்பார்வை குறைந்து முன்வரிசையில் இருந்த அபூதாஹிர் மரைக்கார், "முன்னாலதான் இரிக்காரு, நீங்க எழுதுங்க," என்றார். அன்ஸார் கையை நீட்டினான்.

மெசின் அறையில் ஸெய்னுதீன் நேரம் சரியாயிருக்கும் என்று தோன்றிய கணத்தில் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினான். அப்போது அவன் கைக்குள் இன்னொரு கை வந்து சேர்ந்தது. இளங்கை. அவன் விரல்களை மூடினான். அந்த விரல்களும் மூடின. பந்தலின் சலசலப்பும் எங்கோ ஒரு குழந்தையின் அழுகையும் பிரியாணி வாசமும் அந்தக் கைவழியே ஏறி வந்தன. இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக அவன் அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"என்ட மகள் அசனாவ உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்," என்றான்.

ஒப்புக்கொண்டேன் என்று அன்ஸார் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பதிவுகாரர் எழுதினார். ஸலவாத்துச் சொல்லி முடிந்ததும் கூடிச் சாப்பிடும் சகன் தட்டுகளில் சோறு வந்தது. இறைச்சி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு கதை இருந்தது, அவ்வளவுதான். ரபீக்கா பாயில் இருந்தவருக்கு ஒரு கோப்பையில் எடுத்து வைத்தாள், அது வெறுமையாகித் திரும்பியது.

யார்டில் காவலாளி முஹம்மது தம்பி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். ஸெய்னுதீன் இன்னும் பாயில்தான் இருந்தான், வலக்கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு.

"கலியாணம் முடிஞ்சுதா நானா?"

"ஓம். முடிஞ்சுது."

"மாப்பிள எப்பிடி?"

"நல்ல பொடியன்," என்றான் ஸெய்னுதீன். "பயந்து போனான் போல. கையெல்லாம் வேர்வை."